பின்கதவில் துரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் இந்தப் பகுதிக்குத் துருவைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை எழுதியவர்களில் பலரும் ஹேட்ச்பேக் கார் அல்லது வேன் வைத்திருப்பவர்கள். அவர்கள் குறிப்பிட்ட இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்: மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு, அதாவது நாம் டிக்கிக் கதவு என்று சொல்வது. ஆகவே இந்த இதழில் அந்த ஒரு கதவைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் ஹேட்ச்பேக் காருக்கு 9 வயதாகிறது. டிக்கிக் கதவின் அடிவிளிம்பில், நம்பர் பிளேட்டுக்குக் கீழே, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் தாங்கியது. இப்போது அதே இடத்தில் முன்பைவிடப் பெரிதாக எழும்பியிருக்கிறது. வேலை சரியில்லையா, அல்லது கடலோரத்தில் இப்படித்தான் இருக்குமா?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: உப்புக் காற்று துருவை வேகப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் பெயிண்ட் அடித்த அதே இடத்தில் மறுபடியும் வந்ததற்குக் கடலைக் குறை சொல்ல முடியாது. வெளியே தெரிந்த கொப்புளத்தைத் தேய்த்து மூடியிருக்கிறார்கள்; துரு புறப்பட்ட இடம் கதவின் உள்ளே தொடப்படாமல் இருந்திருக்கிறது. டிக்கிக் கதவைப் பொறுத்தவரை, கீறலோ கல்லடியோ இல்லாத இடத்தில் கொப்புளம் எழும்பினால், துரு உள்ளிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொண்டு தேடத் தொடங்குவதே சரியான வழி.

இந்தக் கதவு ஒற்றைத் தகடு அன்று. வெளித்தகடு ஒன்றும் உள்தகடு ஒன்றும் சேர்ந்த தட்டையான பெட்டி அது. தொழிற்சாலையில், வேட்டியின் ஓரத்தை மடித்துத் தைப்பதுபோல, வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் ஓரத்தின்மேல் மடித்து அழுத்திவிடுகிறார்கள். மடிப்புக்குள் பசையும், மடிப்பின் வாயில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட்டும் வைக்கப்படுகின்றன. கார் பாடி முழுவதையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி ஏற்றும் அடிப்பூச்சு மற்ற இடங்களில் நன்றாகப் படிந்தாலும், இந்த மடிப்பின் இடுக்குக்குள் போதிய அளவு நுழைவதில்லை. தகட்டின் கனமோ 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர், அதன்மேல் உள்ள பெயிண்ட் அடுக்குகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். ஆகவே, கதவு முழுவதிலும் பாதுகாப்பு மிகக் குறைவாக உள்ள இடமும், தண்ணீர் வந்து தேங்குகிற இடமும் அந்த அடிமடிப்பு ஒன்றே.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பின்கண்ணாடியின் விளிம்பு, பின் வைப்பரின் தண்டு வெளியே வரும் ரப்பர் வளையம், உயரத்தில் உள்ள மூன்றாவது பிரேக் விளக்கின் கேஸ்கெட், நம்பர் பிளேட் விளக்குகள், பளபளப்பான அலங்காரப் பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் துளைகள் என இந்தக் கதவில் வாசல்கள் ஏராளம். இவற்றின் வழியே சிறிதளவு நீர் கசியும் என்பது வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கதவின் அடிப்பகுதியில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். அந்தத் துளைகளைப் புழுதியும் இலைச் சருகும் அடைத்துவிட்டால், உள்ளே இறங்கிய நீர் மடிப்பிலேயே நின்றுவிடுகிறது.

ஓடும் காரின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்திருக்கும். சக்கரங்கள் வாரியடிக்கும் சேற்றுநீரும் புழுதியும் புகையும் அந்த வெற்றிடத்துக்குள் இழுக்கப்பட்டு டிக்கிக் கதவின்மேலேயே படிகின்றன. ஹேட்ச்பேக் கார்களுக்குப் பின் வைப்பர் வைக்கப்படுவதும் இதனால்தான். தூத்துக்குடியில் அந்தப் புழுதியோடு உப்பும் சேர்ந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், படிந்த சோற்றுப்பு தானாகவே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து நீராகிவிடும். கடலோர ஊர்களில் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம் என்பதால், மழையே பெய்யாத நாளிலும் அந்த மடிப்பு உப்புநீரில் நனைந்துகொண்டிருக்கிறது.

இனி பட்டிக்கு வருவோம். பட்டறைகளில் பயன்படுத்தும் பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. அதை வெறும் தகட்டின்மேல், அதுவும் மிச்சத் துருவின்மேல் நேரடியாக வைத்தால், உள்ளிருந்து வரும் ஈரத்தை அது தகட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், பட்டியையும் பெயிண்டையும் சேர்த்து மேலே தள்ளிவிடுகிறது. உங்கள் காரில் நடந்திருப்பது இதுதான் என்று கருதுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இது. நல்ல வெளிச்சத்தில் டிக்கியைத் திறந்து, கதவின் அடிவிளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி நில்லுங்கள். மடிப்பின் வாயிலுள்ள சீலன்ட் வரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல சீலன்ட் ரப்பர் போல் அமுங்கிக் கொடுக்கும்; உள்ளே துரு ஊறியிருந்தால் அது வெடித்தோ உப்பியோ இருக்கும், ஓரத்தில் காவி நிறக் கோடு ஒழுகியிருக்கும். உள்பக்க பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளைக் கழற்றி, டார்ச் அடித்துப் பெட்டியின் அடித்தளத்தைப் பாருங்கள். அங்கே ஈரமான சேறும் செதில் செதிலாகக் காவித் தூளும் கிடந்தால், விடை கிடைத்துவிட்டது. கடைசியாக, மெல்லிய துணி சுற்றிய ஒரு சிறு காந்தத்தை வெளித்தகட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ, அங்கே பட்டி கனமாக இருக்கிறது, அல்லது அதன் பின்னால் தகடே இல்லை.

சீலன்ட் மட்டும் வெடித்து, தகடு கெட்டியாக இருந்தால் கதவைக் காப்பாற்றிவிடலாம். பழைய சீலன்ட்டை முழுவதும் சுரண்டி எடுத்து, மடிப்பின் வாயைச் சுத்தமாக்கி, துருமாற்றித் திரவத்தை இடுக்குக்குள் ஊறவிட்டு, வெயிலில் ஒரு முழு நாள் உலர்த்தி, எபாக்சி பிரைமரும் அதன்மேல் பாலியூரிதேன் சீலன்ட்டும் வைக்க வேண்டும். பெயிண்ட் வேலை முடிந்தபின் பெட்டியின் உட்புறத்தில் கேவிட்டி வேக்ஸ் எனப்படும் மெழுகு திரவத்தை, நீண்ட குழாய் முனையால் எல்லாப் பக்கமும் படும்படி அடிக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும், மடிப்புக்குள் ஏற்கெனவே புகுந்த துருவை வேரோடு எடுக்க முடியாது. அதன் வேகத்தைத்தான் பெரிதும் குறைக்கிறோம். வேலை முடிந்து காரை எடுக்கும்போது, வடிதுளைகள் சீலன்ட்டால் மூடப்படாமல் திறந்திருக்கின்றனவா என்று ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: டிக்கிக் கதவின் நடுவில், சூட்கேஸ் உரசிய இடத்தில், பழைய ஐம்பது காசு அளவுக்குத் துரு தெரிகிறது. உள்ளே பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. இதை நானே சரிசெய்ய முடியுமா?
(திருவான்மியூர் வாசகர்)

பதில்: முடியும். வெளியிலிருந்து வந்த துரு என்பதை உள்ளே பார்த்து உறுதி செய்துகொண்டது நல்லது. பொறுமையும், மழை மேகம் இல்லாத ஒரு நாளும் இருந்தால் போதும்.

சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, உப்பிய பெயிண்டை ஒரு பிளேடால் சுரண்டி எடுங்கள். பெயிண்டின் அடியில் துரு, கண்ணுக்குத் தெரிந்த அளவைவிட அகலமாகப் பரவியிருக்கும். ஆகவே பளபளப்பான வெள்ளைத் தகடு தெரியும் எல்லை வரை 80ஆம் எண் எமரித் தாளால் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். இங்கே பலர் அவசரப்பட்டு டிரில் இயந்திரத்தில் வயர் பிரஷ் மாட்டித் தேய்க்கிறார்கள். அது துருவை எடுப்பதைவிட மெருகேற்றிவிடுகிறது. இடம் முழுவதும் பழுப்பு கலந்து பளபளக்கும், சுத்தமாகிவிட்டதாக நினைத்துவிடுவோம். உருப்பெருக்காடி வைத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு கறுப்புக் குழிகள் தெரியும். அந்தக் குழிகளில்தான் துரு உயிரோடிருக்கிறது. எமரித் தாள் எட்டாத அந்த இடத்துக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவி, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் வரை ஈரம் காயாமல் வைத்திருந்து, மறுபடி தேய்த்து, குழிகள் சாம்பல் நிறமாகும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் பல முறை துடைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக உலர்த்துங்கள். அமிலம் சிறிது மிஞ்சினாலும் அதன்மேல் அடிக்கும் எபாக்சி பிரைமர் பிடிக்காது.

அடுத்து 180, 320 என்று படிப்படியாக நயமான தாளுக்கு மாறி, நல்ல பெயிண்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள படியை விரல் உணராத அளவுக்குச் சரிவாக்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்து எடுங்கள். அதற்குப் பின் வெறும் கையால் அந்த இடத்தைத் தொடாதீர்கள்; வியர்வையில் உப்பு இருக்கிறது. உங்கள் ஊரில் வெறும் தகட்டை மாலை வரை விட்டுவைத்தால் மறுபடி மெல்லிய காவி படிந்துவிடும் என்பதால், தேய்த்து முடித்த அன்றே எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடித்துவிட வேண்டும். குழி இருந்தால் பட்டி இந்தப் பிரைமரின்மேல் மெல்லிதாக வர வேண்டும், அதற்கு அடியில் வரக் கூடாது. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவும் கூடாது. நம் பட்டறைகளில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது, பல கார்களில் துரு திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பட்டியை உலர்வாகத் தேய்த்து, மேலே பிரைமர் மூடிய பிறகு வாட்டர் பேப்பரைக் கையில் எடுக்கலாம்.

நிறத்துக்கு, காரின் தகவல் பட்டையில் அச்சிட்டிருக்கும் கலர் கோடைச் சொல்லி பேஸ் கோட் வாங்குங்கள். வெயில் ஏறி ஈரப்பதம் குறைந்த முற்பகலில் மெல்லிய கோட்டுகளாக அடித்து, மேலே கிளியர் கோட் கொடுங்கள். ஹார்டனர் கலக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. நுரையீரலுக்குக் கடுமையான தீங்கு செய்யக்கூடியது. சாதாரணத் துணி முகக்கவசமோ தூசிக்கான முகக்கவசமோ அதைத் தடுக்காது. ரசாயன ஆவிக்கான வடிப்பான் பொருத்திய முகக்கவசம் இல்லையென்றால், அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள். பிரைமர் வரை நீங்கள் ஒழுங்காகச் செய்திருந்தால் துருவுக்கான வேலை முடிந்துவிட்டது, மீதி அழகுக்குத்தான்.

கேள்வி: வேனில் மீன் பெட்டி ஏற்றுகிறேன். பின்கதவின் அடியில் என் உள்ளங்கை நீளத்துக்குத் தகடு ஓட்டையாகிவிட்டது. ஒருவர் பைபர் ஒட்டினால் போதும் என்கிறார், ஒருவர் கேஸ் வெல்டிங் வைக்கலாம் என்கிறார், மூன்றாமவர் கதவையே மாற்றச் சொல்கிறார். எது சரி?
(நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: ஓட்டையின் நீளத்தைவிட, உள்தகட்டின் நிலைதான் இதைத் தீர்மானிக்க வேண்டும். வெளித்தகடு மட்டும் அரித்திருந்தால் ஒட்டுப் போடலாம். உள்தகடும் மடிப்பும் சேர்ந்து அரித்திருந்தால், அல்லது பூட்டுப் பிடிக்கும் இடமும் கீல் பொருத்திய இடமும் பலவீனமாகியிருந்தால், மூன்றாமவர் சொல்வதுதான் சரி. பின்கதவு ஓட்டத்தில் திறந்துகொண்டால் பின்னால் வருபவருக்கு ஆபத்து என்பதால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பைபர் ஒட்டுவது ஓட்டையைக் கண்ணிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான். அதன் ஓரங்களில் உள்ள துருப்பிடித்த தகடு தொடர்ந்து அரித்துக்கொண்டே போகும். சில மாதங்களில் ஒட்டு தகட்டோடு பிரிந்து வரும். கேஸ் வெல்டிங்கின் வெப்பம் அகலமாகப் பரவி, இவ்வளவு மெல்லிய தகட்டை நெளித்துவிடும். சுற்றிலும் உள்ள அடிப்பூச்சையும் எரித்துவிடும். ஒட்டுப் போடுவதென்றால், துரு முடிந்து நல்ல தகடு தொடங்கும் இடம் வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை அளவாக வெட்டிப் பொருத்தி, சி.ஓ.2 வெல்டிங்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு இணைக்க வேண்டும். வெல்டிங் வைத்த இடத்தின் மறுபுறத்தில் எல்லாப் பூச்சும் எரிந்து வெறும் இரும்பு நிற்கும். அங்கே எபாக்சியோ மெழுகோ போய்ச் சேரவில்லையென்றால் அடுத்த மழைக்குள் அந்த வரியிலேயே துரு தொடங்கும். பட்டறைக்காரரிடம் இதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். கதவைத் தாங்கிப் பிடிக்கும் கேஸ் தண்டுகளுக்குள் அழுத்தத்தில் வாயு இருப்பதால் அவற்றின் அருகே தீப்பொறி கூடாது; கழற்றி வைத்துவிட்டு, கதவுக்கு வேறு முட்டுக் கொடுக்க வேண்டும். வண்டியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருந்தால், கதவையே கழற்றி வெளியே எடுத்துக்கொண்டுபோய்த்தான் வெல்டிங் வைக்க வேண்டும்.

மாற்றுவதென்றால், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் உங்கள் வண்டி மாடலுக்கு முழுக் கதவே கிடைக்கும். வெளிப் பெயிண்டின் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். கதவைக் கவிழ்த்து அடிமடிப்பைப் பாருங்கள். தொழிற்சாலை சீலன்ட் உடையாமல் இருக்கும் கதவு, கீறலும் நெளிவும் இருந்தாலும் நல்ல கதவு. வைப்பர், கண்ணாடிச் சூடேற்றி ஆகியவற்றின் ஒயர் இணைப்புகள் உங்கள் வண்டியோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட, ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் நீரைத் தடுப்பதுதான் உங்கள் வண்டியைக் காப்பாற்றும். மீன் ஐஸ் உருகி வரும் நீர் உப்பும் கழிவும் கலந்தது. அது தரை வழியாக ஓடி, கதவு வந்து அமரும் விளிம்பிலும் கதவின் அடியிலும் தேங்குகிறது. பெட்டிகளுக்கு அடியில், நான்கு பக்கமும் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று வையுங்கள். நடை முடிந்ததும் தரையையும் கதவின் அடியையும் நல்ல தண்ணீரால் கழுவி, கதவைத் திறந்தே வைத்துக் காயவிடுங்கள். கதவின் எதிரே உள்ள உடல் விளிம்பில் ரப்பர் பீடிங்கை இழுத்தெடுத்துப் பாருங்கள். கதவு இந்த நிலையில் இருந்தால் அதன் அடியிலும் துரு இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நான் இருப்பது கோவையில். கடலே இல்லை. ஆனாலும் டிக்கிக் கதவில் துரு வருகிறதே, ஏன்?
(கோவை வாசகர்)

பதில்: துருவுக்கு இரும்பும் நீரும் ஆக்சிஜனும் போதும், உப்பு அதை விரைவுபடுத்துவது மட்டுமே. உங்கள் காரில் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒருவர் டிக்கிக்குள் டார்ச்சோடு உட்கார, மற்றவர் ஹோஸில் நீரை அழுத்தமில்லாமல் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்த வேண்டும். முதலில் நம்பர் பிளேட் விளக்கு, பிறகு வைப்பர் தண்டு, கண்ணாடி விளிம்பு, இறுதியில் மேலுள்ள பிரேக் விளக்கு. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது ஒழுகுகிறதென்று தெரியாமல் போய்விடும். சுருங்கிப்போன ஒரு கேஸ்கெட்டை மாற்றுவதோடு பல நேரங்களில் விஷயம் முடிந்துவிடும்.

நம்பர் பிளேட்டையும் கவனியுங்கள். 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயம். பழைய வண்டிகளுக்கு அதைப் பொருத்தும்போது சில இடங்களில் தகட்டில் புதிதாகத் துளை போட்டுவிடுகிறார்கள். டிரில் போட்ட துளையின் ஓரம் வெறும் இரும்பு. பொருத்துவதற்கு முன் அந்த ஓரத்தில் ஒரு துளி பிரைமர் தொட்டு வைத்தால் போதும், யாரும் வைப்பதில்லை. ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டதென்றால் பலகையைப் பிடித்திருக்கும் பூட்டை நீங்களாக உடைக்காமல், உள்பக்கத்திலிருந்து அந்த இடத்தில் மெழுகு அடித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் பழைய இன்ஜின் ஆயிலை டீசலில் கலந்து கதவுகளுக்குள் அடிப்பார்கள். இது பயன்படுமா? கடையில் விற்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் உண்மையில் துருவை மாற்றுகிறதா?
(இராமநாதபுரம் வாசகர்)

பதில்: எண்ணெய் ஈரத்தை விலக்கும் என்ற எண்ணம் சரிதான், தேர்ந்தெடுத்த எண்ணெய்தான் தவறு. ஓடிக் கழித்த இன்ஜின் ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலங்களும் உலோகத் துகள்களும் கலந்திருக்கும். டீசலோடு சேர்ந்து அது ரப்பர் பீடிங்கையும் ஒயர்களின் உறையையும் ஊறவைத்துக் கெடுக்கும், புழுதியைப் பிடித்து வடிதுளைகளை அடைக்கும், மழையில் ஒழுகி மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். அதே வேலைக்கென்று தயாரிக்கப்பட்ட கேவிட்டி வேக்ஸ் இடுக்குகளுக்குள் ஊடுருவிச் சென்று, பிறகு இறுகி மெல்லிய மெழுகுப் படலமாக நின்றுவிடுகிறது. ஒரு டப்பா டிக்கிக் கதவுக்குத் தாராளமாகப் போதும்.

ரஸ்ட் கன்வெர்ட்டர் பொய்யில்லை. அதில் இரண்டு வகை உண்டு. பாஸ்பாரிக் அமில வகை, இரும்பு ஆக்சைடை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானிக் அமில வகை அதைக் கருநீலமான இரும்பு டானேட்டாக மாற்றும். கடுக்காயோடு அன்னபேதியைச் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் கண்ட கறுப்பும் இதே வேதிவினையால் வந்ததுதான். ஆனால் இந்தத் திரவம் தகட்டோடு ஒட்டியிருக்கும் மெல்லிய துருவை மட்டுமே மாற்றும். செதிலாகப் பெயர்ந்து நிற்கும் துருவின்மேல் ஊற்றினால் மேல்தோல் கறுத்துவிட்டு அடியில் பழைய துரு அப்படியே இருக்கும். சுரண்டாமல் ஊற்றுவதில் பயனில்லை; ஊற்றிவிட்டு மேலே பிரைமர் அடிக்காமல் விடுவதிலும் பயனில்லை.

உங்கள் மாவட்டத்தைப் பற்றி ஒரு செய்தி. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அந்தக் காற்றின் கடுமை அப்படி. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டதற்கும் இரும்பு அரிப்பே காரணம். மற்ற ஊர்களில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மெழுகு அடிப்பது போதும் என்றால், நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் அடித்துவிடுவது நல்லது.

கேள்வி: புதுக் கார் வாங்கியிருக்கிறேன். விற்பனையகத்தில் அண்டர்பாடி கோட்டிங், செராமிக் கோட்டிங் இரண்டும் போட்டால் துருவே வராது என்கிறார்கள். வீடு கடற்கரைக்கு அருகில்; காரை எப்போதும் உறை போட்டு மூடி வைக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?
(புதுச்சேரி வாசகர்)

பதில்: செராமிக் கோட்டிங் கிளியர் கோட்டின் மேற்பரப்பைக் காக்கும், அழுக்கு எளிதில் கழுவிப் போகும். கதவின் மடிப்புக்குள் அது போவதில்லை. அண்டர்பாடி கோட்டிங் அடித்தளத்துக்கு நல்லது, டிக்கிக் கதவுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. தவிர, அதைப் போடுபவர்கள் கவனக்குறைவாகக் கதவுகளின் வடிதுளைகள்மேலும் அடித்து மூடிவிடுவதுண்டு. போட்டு முடித்த அன்றே ஒவ்வொரு கதவின் அடியிலும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கேட்டால், புதுக் காரின் கதவுகளுக்குள் கேவிட்டி வேக்ஸ் அடிப்பதைத்தான் முதலில் சொல்வேன்; துரு தொடங்குமுன் அடித்தால்தான் அதன் முழுப் பலனும் கிடைக்கும்.

உறை விஷயத்தில் கவனமாக இருங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் அல்லது தார்ப்பாய் உறை, உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விடாது. பகலில் ஆவியாகி இரவில் தகட்டின்மேல் வியர்க்கும். கழுவிய ஈரத்தோடோ மழையில் நனைந்தபடியோ ஒருபோதும் மூடாதீர்கள். காற்றுப் போய் வரும் துணி உறையாக இருந்தாலும், நன்றாகக் காய்ந்த பிறகு மூடுவதே முறை. நிழலும் காற்றோட்டமும் உள்ள திறந்த கூரை, எந்த உறையையும்விட மேலானது.

கழுவும் தண்ணீரின் தரத்தைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிப்பது சாதாரணம். அந்தத் தண்ணீரில் கழுவினால், உப்பைக் கழுவுவதாக நினைத்துக்கொண்டு புதிய உப்பைப் பூசுகிறோம். முழுக் காரையும் அதில் கழுவினாலும், கடைசியாக இரண்டு வாளி நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு, டிக்கிக் கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பையும் பீடிங் படும் இடத்தையும் கழுவித் துடையுங்கள். உயர் அழுத்தக் குழாயை மடிப்புகளுக்கும் விளக்குகளின் ஓரத்துக்கும் மிக அருகில் பிடிக்க விடாதீர்கள். வாரக்கணக்கில் மழை பெய்தாலும் போகாத இடத்துக்குள் அது நீரைச் செலுத்திவிடும். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்றும் மாலையும் கட்டுபவர்கள் இரும்புக் கம்பிக்குப் பதில் நூல் கயிறு பயன்படுத்துங்கள். ஒரு நாள் ஓட்டத்திலேயே கம்பி முனை கிளியர் கோட்டைத் தாண்டி அறுத்துவிடுகிறது.

கேள்வி: டிக்கிக் கதவுத் துருவுக்குக் காப்பீட்டில் பணம் கேட்கலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: இயல்பான தேய்மானமும் அரிப்பும் வாகனக் காப்பீட்டில் அடங்காது. பின்னால் வேறொரு வண்டி மோதி மடிப்பு பிளந்திருந்தால், அந்த மோதலுக்கான இழப்பீட்டைக் கேட்கும்போதே, நெளிவை எடுப்பதோடு மடிப்பின் சீலன்ட்டைப் புதுப்பிக்கும் வேலையையும் மதிப்பீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் விட்டுவிட்டுப் பிறகு துரு வந்தால், அது தேய்மானக் கணக்கில்தான் போகும்.

கேள்வி: பழைய ஹேட்ச்பேக் ஒன்று வாங்கப் போகிறேன். துருவை எப்படிக் கண்டுபிடிப்பது?
(கடலூர் வாசகர்)

பதில்: பகலில், காரைக் கழுவாத நிலையில் பாருங்கள். டிக்கியைத் திறந்ததும் மூக்கைப் பயன்படுத்துங்கள். ஊறிய துணியின் வாடை அடித்தால் தரை விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள். கதவின் அடிமடிப்பில் சீலன்ட் வரி தொழிற்சாலையில் வைத்ததுபோல ஒரே சீராக இருக்க வேண்டும். மற்றக் கதவுகளில் உள்ள வரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். டிக்கிக் கதவில் மட்டும் கை வைத்துத் தடவியதுபோன்ற புது சீலன்ட் இருந்தாலும், நம்பர் பிளேட்டைச் சுற்றி மட்டும் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தாலும், அங்கே வேலை நடந்திருக்கிறது. காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால், என்ன வேலை செய்தார்கள், உள்ளே மெழுகு அடித்தார்களா என்று கேட்டு, பதில் தெளிவாக இருந்தால் வாங்கலாம். ஒட்டாவிட்டால், வேறொரு கதவு வாங்கி மாட்டிப் பெயிண்ட் அடிக்கும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அவர் இறங்கி வராவிட்டால் அடுத்த காரைப் பாருங்கள்.